மைக்கூட்டின் மறுவாழ்வு

எழுத்துக்கு உடல் தருவது மை. கருத்து எத்துணை உயர்ந்ததாயினும், அது தாளில் தங்கிக் கண்ணுக்குப் புலப்பட வேண்டுமாயின் மையின் துணை வேண்டும். பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், கீறிய எழுத்து விளங்கித் தோன்றும் பொருட்டு, விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்து ஏட்டின்மீது தடவித் துடைத்தனர் முன்னோர். பின்னர்த் தாள் வந்தது. மைக்கூட்டில் தோய்த்து எழுதும் பேனா வந்தது. 1884ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு லூயி வாட்டர்மன் காப்புரிமை பெற்ற ஊற்றுப்பேனாவும் வந்தது. கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. ஆயினும், அவற்றைப் பேணும் முறையில் ஒன்று மட்டும் மாறவில்லை. பழைய மை உலர்ந்து பேனாவின் முள்ளை அடைத்துக்கொண்டால், அதனை இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, காலையில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன் பின்னரே புதிய மையை ஊற்றுவது எழுதுவோர் வழக்கம். அழுக்கின்மேல் ஊற்றிய புது மையும் அழுக்காகவே முடியும் என்பதை அவர்கள் பட்டறிந்திருந்தனர்.

இக்காலத்தில் பேனா செய்த பணியிற் பெரும்பகுதியைக் கணினியும் அச்சுப்பொறியும் ஏற்றுக்கொண்டன. அச்சுப்பொறியினுள் மையைத் தாங்கியிருக்கும் சிறு பேழையைக் கடைத்தெருவில் 'கார்ட்ரிட்ஜ்' என்கின்றனர். மைக்கூடு என்னும் பழைய சொல்லே அதற்கும் நன்கு பொருந்தும். உள்ளங்கையில் அடங்கும் இம்மைக்கூட்டில் மை தீர்ந்தவுடன் அதனை எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோர் பலர். கழுவி, உலர்த்தி, மீண்டும் மை நிறைத்துப் பயன்கொள்வோரும் உளர். பின்னவர் செய்யும் பணி எளிய வீட்டுவேலைபோல் தோன்றும். ஆனால் அதனுள் அறிவியலும் பொருளியலும் உரிமை பற்றிய ஒரு பெரிய வழக்கும் அடங்கியிருக்கின்றன.

மதுரையிலிருந்து தென்காசி செல்லும் பெருவழியில், வாசுதேவநல்லூருக்கும் கடையநல்லூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது புளியங்குடி. 2019ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், அவ்வாண்டு முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்கியது. எலுமிச்சையால் பெயர் பெற்ற ஊர் இது. கிழக்கே உள்ள சங்கரன்கோவில் தறிகளால் பெயர் பெற்றது. எலுமிச்சையும் தறியும் இவ்வட்டாரத்து மக்களுக்கு ஒரே பாடத்தை இருவகையில் கற்பித்துள்ளன. எலுமிச்சை ஊறுகாய் இடுவோர், முதலில் பீங்கான் சாடியைக் கழுவி, ஒரு துளி ஈரமும் இராதவாறு உலர்த்துவர். ஈரம் இருந்தால் ஊறுகாய் பூஞ்சை பூத்துவிடும். நூலுக்குச் சாயம் ஏற்றுவோர், முதலில் அந்நூலைச் சோடா இட்ட நீரில் வேகவைத்து, பருத்தியில் இயல்பாகவே உள்ள மெழுகைப் போக்குவர். மெழுகு இருந்தால் சாயம் பற்றாது. சாடியாயினும் நூலாயினும், ஏற்பதற்குமுன் அதனைத் தூய்மையாக்குதல் வேண்டும் என்பதே அப்பாடம்.

இத்தகைய ஊரில் ஓர் இல்லத்தை மாணவர் மனக்கண்ணில் காணலாம். தந்தை தறியில் உழைப்பவர். மகள் மேனிலைப் பள்ளியில் பயில்பவள். உறவினர் ஒருவர் தந்த சிறிய அச்சுப்பொறி ஒன்று அவ்வீட்டில் இருக்கின்றது. ஆய்வேடு ஒன்றைப் பள்ளியில் ஒப்படைக்க இன்னும் 3 நாள்களே உள்ளன, மைக்கூடு வற்றிவிட்டது. புதியது வாங்க வேண்டுமாயின், தந்தை தறியில் ஈட்டும் கூலியிற் கணிசமான பகுதியை அதற்கே கொடுக்க வேண்டும். ஆதலின் அப்பெண் ஒரு மைப்புட்டியையும் சிரிஞ்சையும் வாங்கி வந்து, மைக்கூட்டைத் திறந்து, உடனே மையைச் செலுத்த முற்படுகின்றாள். அடுப்படியிலிருந்து ஆச்சி வருகின்றார்.

"தாயி, இதற்குள் முன்பு என்ன இருந்தது?"

"கறுப்பு மைதான் ஆச்சி. தீர்ந்து இரண்டு மாதம் ஆயிற்று."

"இரண்டு மாதத்துப் பழைய மை உள்ளே காய்ந்து ஒட்டியிருக்குமே! கழுவாத சாடியில் யாரேனும் புது ஊறுகாய் இடுவார்களா?"

"கழுவினால் ஈரம் ஆகிவிடுமே ஆச்சி!"

"கழுவுவது ஒரு வேலை, காயவைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் செய்துவிட்டு அப்புறம் ஊற்று."

அச்சுப்பொறியின் நுட்பம் ஆச்சி அறியாதது. எனினும் அவர் கூறிய முறை அந்நுட்பத்துக்கு முற்றும் பொருந்துவதாகும். அது பொருந்துவது எவ்வாறு என்பதை அறிய, மைக்கூட்டின் அமைப்பை அறிதல் வேண்டும்.

இல்லங்களில் வழங்கும் மைக்கூடுகளிற் பலவற்றில், மை வெறுமனே தேங்கி நிற்பதில்லை. நுண்ணிய கண்களையுடைய பஞ்சு ஒன்றில் ஊறி நிற்கின்றது. கூட்டின் அடியில் ஒரு சிறு தகடு உண்டு. அதில் வரிசை வரிசையாக நுண்துளைகள் உள்ளன. அவை ஒரு மயிரிழையின் பாதி அகலமும் இல்லாதவை. ஒவ்வொரு துளைக்கும் அருகே மிகச் சிறிய மின்சூடேற்றி ஒன்று உண்டு. மின்சாரம் பாயும்போது, ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறிட்டால் அவற்றுள் சில கூறுகளே ஆன நேரத்தில், அச்சூடேற்றியின் மேற்பரப்பு 300 பாகை செல்சியசுக்கும் மேல் வெப்பம் அடைகின்றது. அதனைத் தொட்டு நிற்கும் மை கொதித்துக் குமிழியாகின்றது. குமிழி விரிந்து, முன்னே உள்ள மையைத் துளை வழியே தள்ளுகின்றது. ஒரு துளி தாளில் விழுகின்றது. பின்பு குமிழி சுருங்க, பஞ்சிலிருந்து புதிய மை ஊர்ந்து வந்து அவ்விடத்தை நிரப்புகின்றது. இச்செயல் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை நிகழ்கின்றது.

இந்நெறி கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1977ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டுக் கேனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்னும் ஆய்வாளர் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, சூடான பற்றவைப்புக் கோல் ஒன்று மை நிறைந்த சிரிஞ்சின் ஊசியில் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசிமுனையிலிருந்து மைத்துளி தெறித்தது. அத்தெறிப்பிலிருந்து பிறந்ததே இவ்வகை அச்சுமுறை. அக்காலத்தை ஒட்டியே அமெரிக்க நாட்டு ஹியூலெட் பாக்கர்டு நிறுவனத்தாரும் தனித்து முயன்று இதே நெறியைக் கண்டனர். அந்நிறுவனம் 1984ஆம் ஆண்டில் 'திங்க்ஜெட்' என்னும் அச்சுப்பொறியை வெளியிட்டது. அதன் மைக்கூட்டில் இருந்த துளைகள் 12 மட்டுமே.

அப்பொறியை ஆக்கியோர்க்கு ஒரு பெரும் இடர் இருந்தது. மை உலர்ந்தால் துளை அடைபடும். சூடேற்றியும் நாளடைவில் தேய்ந்து கெடும். இவ்விடரை அவர்கள் தீர்த்த வழி புதுமையானது. துளைத்தகட்டையும் மையையும் ஒரே கூட்டில் அமைத்து, மை தீர்ந்ததும் இரண்டையும் ஒருங்கே எறிந்துவிடச் செய்தனர். ஒவ்வொரு முறையும் புதிய துளைகள் வருவதால் அடைப்பு பற்றிய கவலை ஒழிந்தது. எனவே, எறிதல் என்பது சோம்பலால் வந்த வழக்கம் அன்று. அடைப்பு என்னும் நோய்க்கு ஆக்கியோர் கண்ட மருந்தே அது. ஆனால் அம்மருந்தின் விலையைக் கொடுப்பவர் வாங்குவோரே. சிறிய மைக்கூடுகள் பலவற்றில் உள்ள மை 10 மில்லிலிட்டரையும் எட்டுவதில்லை. அச்சுப்பொறியை மலிவாக விற்று, மையின் வாயிலாக ஊதியம் ஈட்டும் வாணிக முறையும் இதனோடு வளர்ந்தது.

ஆக்கியோர் எறிந்து தீர்த்த இடரை, இல்லத்தார் கழுவித் தீர்க்கின்றனர். கழுவும் முறை வருமாறு: முதலில் மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்தல் வேண்டும், கையுறை அணிதல் நன்று. அகன்ற சிறு கிண்ணத்தில், பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை இளஞ்சூடாக்கி, விரற்கடை அளவினும் குறைவாக ஊற்றி, துளைத்தகடு கீழ்நோக்கி நனையுமாறு மைக்கூட்டை நிறுத்த வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் இதற்கு ஆகா. அவற்றில் கரைந்துள்ள உப்புகள், நீர் உலர்ந்தபின் துளையிலேயே படிந்து புதிய அடைப்பை உண்டாக்கும். கொதிநீரும் ஆகாது, தகட்டைப் பொருத்தியுள்ள பசை வெப்பத்தால் இளகிவிடக்கூடும்.

சிறிது நேரத்தில் கிண்ணத்து நீரில் மை புகைபோல் இறங்குவது தெரியும். உலர்ந்து கட்டியான மை நெகிழத் தொடங்கியதற்கு அதுவே அடையாளம். நீர் கறுத்ததும் கொட்டிவிட்டு வேறு நீர் ஊற்ற வேண்டும். பின்னர், முனை மழுங்கிய ஊசியுடைய சிரிஞ்சினால் மேற்புறத் துளை வழியே பஞ்சினுள் நீரை மெல்லச் செலுத்தி, அதனை மெல்லவே வெளியே இழுக்க வேண்டும். விசையோடு செலுத்தினால் பஞ்சு குலையும்; காற்றுக் குமிழிகள் உள்ளே தங்கி மையின் வழியை மறிக்கும். வெளிவரும் நீர் ஏறத்தாழ நிறமற்றதாகும் வரையில் இதனைச் செய்தல் வேண்டும். வண்ண மைக்கூட்டில் நீலம், செம்மை, மஞ்சள் ஆகியவற்றுக்கு மூன்று அறைகள் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் தனிச் சிரிஞ்சு கொள்ளாவிடின் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கெடும். கழுவிய நீரைக் கிணற்றடியிலோ செடியின் வேரிலோ ஊற்றலாகாது.

கழுவுதல் முடிந்தபின் உலர்த்துதல். பலர் தவறுவது இங்கேதான். கூடு வெளியே உலர்ந்து தோன்றினும் பஞ்சின் உள்ளே நீர் தங்கியிருக்கும். அந்நிலையில் மை ஊற்றினால், மை நீர்த்துப்போகும். எழுத்துகள் வெளிறித் தோன்றும். கூட்டின் பக்கத்தில் உள்ள செம்பு நிறத் தொடுபுள்ளிகளில் ஈரம் இருந்தால், மின்சாரம் வழிதவறிப் பாய்ந்து அச்சுப்பொறியையே கெடுத்தல் கூடும். ஆதலின், முதலில் சிரிஞ்சினால் இயன்ற அளவு நீரை உறிஞ்சி எடுத்தல் வேண்டும். பிறகு நூலிழை உதிராத துணியையோ டிஷ்யூ தாளையோ பல மடிப்பாக மடித்து, அதன்மேல் துளைத்தகட்டை மெல்ல ஒற்ற வேண்டும், தேய்த்தலாகாது. தொடுபுள்ளிகளைத் துணியால் மென்மையாகத் துடைத்தல் வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை அவற்றில் படியலாகாது. படிந்த கறை நீங்காவிடின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சிறிது தோய்ந்த துணி உதவும். அது தீப்பற்றும் பொருளாதலின், பெரியோர் உடனிருக்கும்போதே கையாளத் தக்கது.

பின்னர், அம்மடிப்பின்மேலேயே கூட்டைத் துளைகள் கீழ்நோக்க நிறுத்தி, நிழலில், தூசி படாத இடத்தில், ஒரு பகலும் ஓர் இரவும் வைக்க வேண்டும். தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும். விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவது எவ்விசையாலோ, அந்நுண்புழை விசையாலேயே தாள் தன் இழைகளின் வழியாகப் பஞ்சின் நீரை ஈர்த்துக்கொள்கின்றது. ஊறுகாய்ச் சாடியை வெயிலில் வைப்பது போல் மைக்கூட்டை வெயிலில் வைக்கலாகாது. சாடி சுட்ட மண். வெயில் அதற்கு நட்பு. மைக்கூடோ பிளாஸ்டிக்கும் பசையும் நுண்மின் அமைப்பும் கூடியது. கடுவெப்பம் அதற்குப் பகை. பொருளின் இயல்பறிந்து முறையை அமைத்துக்கொள்ளுதலே அறிவுடைமை. ஆச்சியின் சாடி நெறியைக் காட்டியது. மைக்கூட்டின் இயல்பு அந்நெறியை நடத்தும் வகையை வரையறுத்தது.

உலர்ந்த கூட்டில் மையை மெல்லச் செலுத்தி, பஞ்சு நிறைவதற்குச் சிறிது முன்னரே நிறுத்த வேண்டும். விளிம்பு வரை நிறைத்தால் துளை வழியே ஒழுகும். அவ்வச்சுப்பொறிக்கு ஏற்ற மையையே கொள்ளுதல் வேண்டும். நீரில் முற்றும் கரைந்த சாயத்தால் ஆன மை ஒருவகை. கரையாத நிறமித் துகள்கள் மிதக்கும் மை மற்றொருவகை. இரண்டும் கலந்தால் துகள்கள் திரண்டு, கழுவி அகற்றிய அடைப்பே மீண்டும் வந்து சேரும்.

இம்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. சூடேற்றியின் வெப்பத்தைத் தாங்கிச் செல்வது மையே. மை தீர்ந்தபின்னும் அச்சிட்டுக்கொண்டே இருந்தால், வெப்பம் போக வழியின்றிச் சூடேற்றி கருகிவிடும். அடுப்பில் நீர் வற்றிய பாத்திரம் தீய்வதை இதற்கு ஒப்பிடலாம். கருகிய கூட்டை எத்துணை கழுவினும் பயனில்லை. எழுத்து மங்கத் தொடங்கும்போதே நிறுத்தி, உடனே கழுவுவோர் கூட்டைக் காத்துக்கொள்வர். பல முறை நிறைத்தபின் ஒரு நாள் கூடு தானே தேய்ந்து ஓயும். அப்போது அதனைக் குப்பையில் எறியாது, மின்கழிவு பெறுவோரிடம் சேர்த்தல் கடமை. இந்திய அரசின் 2016ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள், அச்சுப்பொறியோடு மைக்கூட்டையும் மின்கழிவாகவே எண்ணின.

வீட்டு மூலையில் நடைபெறும் இச்சிறு பணி உலகின் போக்கையே சிறிது திருப்பியது என்றால் வியப்பாக இருக்கும். இந்தோனேசியா முதலிய நாடுகளில், மக்கள் மைக்கூட்டில் தாமே மை நிறைத்ததோடு நில்லாது, அச்சுப்பொறியின் பக்கத்தில் மைக்குப்பிகளைப் பொருத்தி, குழாய் வழியே மை ஊட்டவும் தலைப்பட்டனர். அதனைக் கண்ட எப்சன் நிறுவனம், 2010ஆம் ஆண்டில், புட்டியிலிருந்து நேரே மை ஊற்றிக்கொள்ளும் தொட்டியுடைய அச்சுப்பொறியை இந்தோனேசியாவில் முதன்முதல் வெளியிட்டது. 10 மில்லிலிட்டரும் இல்லாத கூடு இருந்த இடத்தில், 70 மில்லிலிட்டர் புட்டி வந்து நின்றது. பின்னர்ப் பிற நிறுவனங்களும் அவ்வழியில் வந்தன. வாங்குவோர் தம் கையால் செய்து காட்டியதை ஆக்குவோர் பின்பற்றிய வரலாறு இது.

மீண்டும் நிறைப்பது முறையா என்னும் கேள்வி வழக்குமன்றத்துக்கும் சென்றது. லெக்ஸ்மார்க்கு என்னும் நிறுவனம், தான் விற்ற மைத்தூள் கூடுகளை வாங்கியோர் மீண்டும் நிறைத்தல் ஆகாது எனக் கட்டுப்பாடு விதித்து, அவற்றைப் புதுக்கி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தின்மீது காப்புரிமைச் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஒரு பொருளை விற்ற அளவில் அதன்மீது விற்றவர்க்கு இருந்த காப்புரிமை முடிந்துவிடுகின்றது; கட்டுப்பாடு விதித்து விற்றிருப்பினும், காப்புரிமையைக் காட்டி வாங்கியவரைத் தடுக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. அயல்நாட்டுத் தீர்ப்பாயினும், விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவர்க்கே உரியது என்னும் எளிய உண்மையை அது உலகறியச் சொல்லிற்று.

உரிமை இருப்பது ஒன்று. அவ்வுரிமையைப் பயன்கொள்ளும் திறமை இருப்பது மற்றொன்று. நிறைக்கும் உரிமையை நீதிமன்றம் கூறலாம். நிறைப்பதற்குமுன் பொறுமையோடு கழுவி உலர்த்தும் திறத்தை எந்நீதிமன்றமும் தர இயலாது. அது வீட்டில் பெரியோரைக் கண்டு பழகுவது. சாடி கழுவும் கையிலும், நூலை வேகவைக்கும் கையிலும் விளங்குவது. புளியங்குடிப் பெண்ணுக்குக் கிடைத்த 3 நாள்களில் ஒரு நாள் கழுவவும் உலர்த்தவும் போயிற்று. நிறைப்பதற்கோ கால்மணி நேரம் போதியதாயிற்று. எஞ்சிய நாள்களில் அவள் ஆய்வேடு கருமை குன்றாத எழுத்தோடு வெளிவந்தது. தந்தையின் கூலியும் வீட்டுக்கு மிஞ்சியது. ஆயத்தத்துக்குச் செலவிட்ட நாளை வீணான நாள் என்று எண்ணுவோர் பலர். அந்நாளே பின்வரும் நாள்களைக் காக்கின்றது என்பதை மாணவர் உணர்வாராக.